கூட்டம் போட்டுப் பேசும் வேலையா?

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிரியலில் முதுகலை முடிக்கப் போகிறேன். மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், சுகாதாரக் கொள்கைப் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன். என் பேராசிரியரோ, "புது ஆன்டிபயாடிக் கண்டுபிடி, மற்றதெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுவது" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கூட்டங்கள் அதிகம் என்பது உண்மைதான். சிலவற்றில் டீ மட்டும்தான் உருப்படியான விஷயம். ஆனால் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அகேயோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாசோமைசின் என்ற புது ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால். மருந்து வேலை செய்யாமல் இல்லை, விற்கவில்லை. புதிய ஆன்டிபயாடிக்கை வேறு வழியில்லாதபோது மட்டும் எடுங்கள் என்றுதான் எந்த நல்ல மருத்துவரும் சொல்வார். மருத்துவத்துக்கு அது சரி, இல்லையென்றால் கிருமிகள் அதற்கும் பழகிவிடும். விற்ற அளவுக்குத்தான் காசு என்றால், கம்பெனி என்ன செய்யும்?

இந்த முடிச்சை ஆய்வகத்தில் அவிழ்க்க முடியாது. 2022இல் இங்கிலாந்து இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்குச் சந்தா முறையைக் கொண்டுவந்தது: எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் கம்பெனிக்கு ஆண்டுக்கு ஒரே தொகை. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மருந்துக்கு என்ன விலை போடுவது? அதைக் கணக்கிட்டவர்கள் உங்கள் பேராசிரியர் சொல்லும் அந்தக் கூட்டக்காரர்கள்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உடனே கொள்கைப் படிப்புக்கு ஓடாதீர்கள். சில காலம் மருத்துவமனை ஆய்வகத்தில் கல்ச்சர் பாருங்கள், அதாவது நோயாளியின் மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை. பல இடங்களில் முதல் மருந்து கேட்காதவர்களுக்குத்தான் கல்ச்சரே அனுப்புகிறார்கள். அந்த மாதிரிகளை மட்டும் வைத்து எடுக்கும், மருந்துக்கு மசியாத கிருமிகளின் சதவீதம் ஊதித்தான் இருக்கும். 2019இல் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இந்தக் கிருமிகளின் மருந்து எதிர்ப்பால் நேரடியாக இறந்தார்கள் என்பதும் தலை எண்ணிச் சொன்னதல்ல, கிடைத்த தரவுகளிலிருந்து மதிப்பிட்டது. தரவு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தவருக்குத்தான் அமைச்சகத்தில் நீட்டப்படும் அட்டவணையைச் சந்தேகிக்கத் தெரியும். அப்புறம் தொற்றுநோயியலோ சுகாதாரப் பொருளாதாரமோ படியுங்கள். என்னைக் கேட்டால் பொருளாதாரம்தான். அதற்குத்தான் இந்தத் துறையில் ஆள் குறைவு.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகளில் பல, நன்கொடைப் பணத்தில் ஓடுபவை. ஏழை நாடுகளில் மருந்துக்கு மசியாத கிருமிகளைக் கண்காணிக்கப் பணம் கொடுத்துவந்த பிரிட்டனின் ஃப்ளெமிங் நிதியை 2025இல் அந்த அரசே நிறுத்த முடிவு செய்தது. அதனால் ஆய்வகக் கைப்பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.