தினமும் ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் குடித்தால் கிரேக்கக் கிழவர்களைப் போல நீண்ட நாள் வாழலாமா?

குடிக்காதீர்கள். 'வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன்' என்கிற காணொளியைப் பார்த்துவிட்டுப் பாட்டிலும் வாங்கியிருப்பீர்கள். அதைச் சமையலுக்கு எடுங்கள்.

ஏன் என்று 1995-ல் கிரேக்க ஆய்வாளர் ஆன்டோனியா திரிகோபூலு குழுவினர் பி.எம்.ஜே. என்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மூன்று கிரேக்கக் கிராமங்களில் 70 வயதுக்கு மேற்பட்ட 182 பேரின் சாப்பாட்டுக்கு எட்டு மதிப்பெண் வைத்தார்கள். காய்கறி, பயறு, தானியம், பழம் அதிகமென்றால் தலா ஒன்று. இறைச்சி குறைவென்றால் ஒன்று, பால் பொருள் குறைவென்றால் ஒன்று. மிதமான மதுவுக்கு ஒன்று. ஆலிவ் எண்ணெய் வருவது மிச்சமிருக்கும் ஒன்றில்தான், அதுவும் நேரடியாக இல்லை; ஆலிவ் எண்ணெயில் உள்ள வகைக் கொழுப்பு, நெய், இறைச்சியில் உள்ள நிறைவுற்ற கொழுப்பைவிட எவ்வளவு அதிகம் என்கிற விகிதமாக. மதிப்பெண் ஒன்று கூடினால் இறப்பு ஆபத்து 17 சதவீதம் குறைவாக இருந்தது. "182 பேர்தானே" என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். சின்ன ஆய்வுதான், இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவும் இல்லை. ஆனால் 2003-ல் 22,000 கிரேக்கர்களை வைத்துப் பார்த்தபோதும் போக்கு மாறவில்லை.

அங்கே எண்ணெயின் வேலை, தட்டு நிறையக் காயையும் பயறையும் உள்ளே இறக்குவது. இப்படி எண்ணெயில் வேகவைக்கும் காய்கறிச் சமையலை 'லதேரா' என்பார்கள். அரை கிலோ பச்சை பீன்ஸுக்கு 100 மில்லி எண்ணெய், ஒரு பெரிய வெங்காயம், மூன்று தக்காளி. தண்ணீர் அரை டம்ளர் போதும். சிறு தீயில் முக்கால் மணி நேரம் மூடி வேகவிட்டு, கடைசியில் திறந்து, தண்ணீர் வற்றி எண்ணெய் மட்டும் நிற்கும்வரை விடுங்கள். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: தண்ணீர் கூடினால் குழம்பாகிவிடும். ரொட்டியோடு இரண்டு மூன்று பேருக்கு இதுவே முழுச் சாப்பாடு. பிரியாணிக்குத் தொட்டுக்கொண்டால் உடம்புதான் பெருக்கும்.

வெள்ளை பீன்ஸில் செய்யும் 'ஃபசோலாதா' சூப்புக்கு இரவே ஊற வைத்து, முதல் கொதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பீன்ஸ் மெத்தென்று வெந்த பிறகுதான் தக்காளி. முந்தினால் புளிப்பில் தோல் விறைத்துக்கொள்ளும். கீரையை நிறைய உப்புத் தண்ணீரில் திறந்தபடி வேகவைத்து வடித்து, எண்ணெயும் எலுமிச்சையும் தட்டில்தான் ஊற்ற வேண்டும். முன்பே பிழிந்தால் நிறம் செத்துவிடும்.

இன்னொன்று: பழைய முறைப்படி நோன்பிருந்த கிராமத்தினர் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு என்று வருடத்தில் பாதி நாள் இறைச்சி, பால், முட்டை தொடவில்லை. கடும் நோன்பு நாளில் ஆலிவ் எண்ணெயும் கிடையாது! இதையெல்லாம் விட்டுவிட்டு, பழச்சுவையும் சர்க்கரையும் கலந்த தயிரை 'கிரேக்க யோகர்ட்' என்று டப்பாவில் அடைத்து ஆயுசு கூடும் என்று விற்கிறார்கள். பால் பொருள் குறைந்தால்தான் மதிப்பெண் என்று மேலே சொன்னேனே.

அந்தப் பாட்டிலை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும்.