கேன்டீனில் நான் உட்கார்ந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கேன்டீனில் தட்டோடு போய் உட்கார்ந்தாலே தொழிலாளர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிறோம், பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கிறோம். இருந்தும் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. என்ன செய்யட்டும், ஐயா?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: அவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள், அம்மா. இந்த எட்டு மாதத்தில் நீங்களாக ஒருவரைத் தேடிப் போனது எதற்கெல்லாம் என்று யோசித்துப் பாருங்கள். மெமோ கொடுக்க, லீவு ஏன் என்று கேட்க. பிறகு எப்படிப் பேசுவார்கள்? கேக் வெட்டுவது நடக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அவர்களுக்கு உங்களால் ஆக வேண்டிய காரியம் வேறு.

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கிறோம். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் கம்பெனி பங்கு 550 என்று இருக்கும். 'நம்மகிட்ட 1,800 பிடிச்சுட்டு அவங்க 550தான் போடுறாங்க' என்று பேச்சு கிளம்பிவிடும். உண்மையில் கம்பெனியும் 1,800 கட்டுகிறது. அதில், சம்பளத்தின் 8.33 சதவீதமான 1,250 ரூபாய் பென்ஷனுக்குப் போய், தனிக் கட்டத்தில் நிற்கிறது. தொழிலாளியின் போனிலேயே திறந்து, விரல் வைத்துக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் ஒருவரும் படிக்க மாட்டார்.

அப்புறம், நம் ஊர் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பி.எஃப். பதிவில் வெறும் ஓர் எழுத்து. பெயர் ஒத்துப்போகாததால் பணம் கேட்ட மனு திரும்பி வந்துவிடும். நான் பர்சனல் ஆபீசராக இருந்தபோது, ஒரு லேத் ஆபரேட்டர் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வந்தார். அவருடைய பெயர்த் திருத்தப் படிவம் என் மேஜை டிராயரில் 19 நாள் கிடந்தது. ஆடிட் நெருக்கடியில் மறந்தே போனேன். மூன்று முறை வந்தார். கதவோரம் நின்று, 'சார், அந்தப் பேப்பர்...' என்று இழுத்துவிட்டுத் திரும்பிப் போனார். கடைசியில் வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார். மூலையில் மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகையை வாங்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். யார், என்ன கேட்டார், எந்தத் தேதிக்குள் பதில் என்று எழுதிவைப்பேன். முடியாது என்றால் அதையும் அந்தத் தேதியில் அவர் மெஷின் பக்கமே போய்ச் சொல்லிவிடுவேன். மனிதர்கள் 'முடியாது' என்பதைத் தாங்கிக்கொள்கிறார்கள். பதிலே வராததைத்தான் தாங்க மாட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் ஒன்பது மணிக்கு வந்து ஆறு மணிக்குக் கிளம்பினால், நைட் ஷிஃப்ட்காரர் உங்களை எங்கே பார்ப்பார்? மாதம் இரண்டு நாளாவது விடிகாலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீ கேன் பக்கத்தில் நில்லுங்கள். வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லி கம்பெனியிடம் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. அங்கே ஒருவர் சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னது, சாயங்காலமே அவர் பெயரோடு சூப்பர்வைசர் காதுக்குப் போனால் எல்லாம் அத்தோடு சரி.

இந்த வாரமே ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பெயர் வேறுபடுகிறவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்கள் உங்கள் கதவோரம் வந்து நிற்பதற்கு முன்னால் நீங்கள் போய்விடுங்கள்.