கன்சல்டன்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமம். சென்ற ஆண்டு பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன், அரியர் இல்லை. சென்னை பக்கத்தில் கார் கம்பெனிகள் இருக்கும் ஒரகடத்தில் வேலை உறுதி என்று ஒரு கன்சல்டன்சி 25,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? அல்லது சென்னையில் ரூம் எடுத்துத் தங்கி நானே தேடட்டுமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கூலி தர வேண்டியது கம்பெனி, நீங்கள் இல்லை. அவர்கள் காட்டும் ஆஃபர் லெட்டரை உற்றுப் பாருங்கள். மேலே பெரிய கார் கம்பெனியின் பெயர் இருக்கும். கீழே கையெழுத்துப் பக்கத்தில் ஏதோ ஒரு மேன்பவர் சர்வீஸின் சீல் இருக்கும். சம்பளம் போடுவது அந்த சீல்காரர்தான். பெயருக்கு டிரெய்னி இன்ஜினியர், வேலை என்னவோ லைனில் நின்று போல்ட் முடுக்குவது. ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது உங்கள் கேட் பாஸ்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கேட்பார்கள், வெரிஃபிகேஷனுக்கு என்று. காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலை மட்டும் விட்டு வராதீர்கள். வேலையை விட நினைக்கும் நாளில் அதைத் திருப்பித் தரத் தனி ரேட் பேசுவார்கள்.

உங்களுக்கு நேர்வழி அப்ரன்டிஸ், அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டு கம்பெனியிலேயே தொழில் பழகுவது. நாட்ஸ் (NATS) என்கிற மத்திய அரசுத் திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே பதியலாம், காசு கிடையாது. தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி ஒரு வருடம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்பதால் கம்பெனிகளும் கூப்பிடுகின்றன. முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை; ஆனாலும் கையில் சான்றிதழ் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் அப்ரன்டிஸாகச் சேர முடியாது. அதாவது, காண்ட்ராக்டரிடம் பதினான்கு மாதம் ஓட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கதவு மூடியிருக்கும். “அது காண்ட்ராக்ட்தானே சார், இன்ஜினியர் வேலையே இல்லையே” என்று பையன்கள் என்னிடம் வாதாடுவார்கள். பி.எஃப். கணக்கில் பதிவாகியிருந்தால் அது அனுபவம்தான். ஆகவே முதலில் அப்ரன்டிஸ், காண்ட்ராக்ட் அப்புறம். வரிசை மாறக் கூடாது. இதைக் கடைசி செமஸ்டரிலேயே கல்லூரி சொல்லியிருக்க வேண்டும். பிளேஸ்மென்ட் செல்லுக்கோ பி.பி.ஓ.வில் எத்தனை பேரைத் தள்ளினோம் என்ற கணக்கு எழுதவே நேரம் போதவில்லை. ஃபிரெஷர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு இரண்டு வருட அனுபவம் கேட்கும் ஹெச்.ஆர்.களைப் பற்றி இங்கே பேசினால் பக்கம் போதாது.

சரி, ரூம் விஷயம். இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் போங்கள். வேலை கிடைக்கும் முன் பெரிய அட்வான்ஸ் கொடுக்காமல் நண்பர்களோடு ஷேரிங்கில் இருங்கள். கம்பெனி பஸ் நிற்கும் பூந்தமல்லி, தாம்பரம் மாதிரி இடமே போதும். ஒரகடத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம்; அம்பத்தூர் எஸ்டேட்டிலும், கோவை குறிச்சியிலும், ஓசூரிலும் சின்னப் பட்டறைகள் ஆள் எடுக்கும். அங்கே டிராயிங் படிக்கவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் விடுவார்கள்.

கையில் பணம் இல்லையென்றால், தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் ஏறித் துவாக்குடியில் இறங்குங்கள். திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையின் ஆர்டரை நம்பி ஃபேப்ரிகேஷன் செய்யும் யூனிட்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நேரே கேட்டுக்குப் போய், க்யூ.சி.க்கு, அதாவது தரம் பார்க்க, ஆள் வேண்டுமா, நாட்ஸில் எடுப்பீர்களா என்று கேளுங்கள்.