மறுபடி படிக்க உட்கார்ந்தால் எதை எடுப்பது?

கேள்வி: போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கல்லூரி நாட்களில் சரித்திர நாவல்களைத் தேடித் தேடிப் படித்தவள். இப்போது அதே புத்தகங்களை எடுத்தால் ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை. கலந்துகட்டி நாலைந்து புத்தகங்கள் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஒரே வகையில் ஊறிப்போவது பெரிய படிப்பாளிகளுக்கும் நடந்ததுதான் அம்மா. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று சிற்றிலக்கிய வகைகளை அடுக்கிக்கொண்டே போகிறார், முதலியார் அசையவே இல்லை. கடைசியில், பழைய காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. அன்றைக்குப் பிடித்த வேகம்தான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வந்து நின்றது. இதையெல்லாம் அவரே 'என் சரித்திரம்' நூலில் சொல்கிறார். தடிமனைப் பார்த்து மலைக்காதீர்கள், ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்ததுதான், நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும்.

கூடவே சின்னதாக ஒரு நாவலையும் வைத்துக்கொள்ளுங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் ஒரு தெரு, குடமும் கையுமாக அலையும் ஜனங்கள், நடுவில் ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர். ராஜாவும் இல்லை, போரும் இல்லை, ஆனாலும் கீழே வைக்க மனசு வராது.

மொழிபெயர்ப்பில், மலையாள எழுத்தாளர் பஷீரின் 'பால்யகால சகி'. குளச்சல் மு. யூசுஃப் தமிழில் தந்திருக்கிறார். ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று வாத்தியார் கேட்டால், இரண்டு ஆறுகள் கலந்தால் ஒரே ஆறாகத்தானே ஓடுகிறது என்று யோசித்து, கொஞ்சம் பெரிய ஒன்று என்கிறான் பையன் மஜீத். அந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்தப் புத்தகத்தை எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பீர்கள், முடிக்கும்போது தொண்டை அடைக்கும்.

கதை வேண்டாம் என்று தோன்றும் நாளில் தொ.பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. பாளையங்கோட்டைக்காரர், உங்கள் பக்கம்தான். உப்பு, எண்ணெய், தேங்காய் என்று நாம் தினமும் புழங்குவதைப் பற்றியே எழுதியிருக்கிறார். படித்த பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போதுகூட ஏதாவது ஞாபகம் வரும். கவிதைக்குக் குறுந்தொகை, உ.வே.சா. உரையோடு. பாட்டு எட்டு அடியைத் தாண்டுவது அபூர்வம்.

அப்புறம், சரித்திர நாவல் ருசி உங்களுக்கு நிச்சயம் மிச்சம் இருக்கும். அதற்கு ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர், இந்தோனேசியாவின் மெடான், மலேசியாவின் பினாங்கு, கடல், நடுவில் பாண்டியன் என்ற இளைஞன். ஆனால் இதை முதலில் எடுக்காதீர்கள். நடை பழக நாற்பது பக்கமாவது ஆகும், இப்போது இருக்கிற அலுப்பில் மூடி வைத்துவிடுவீர்கள். 'தண்ணீர்', பஷீர் இரண்டையும் முடித்துவிட்டு எடுங்கள்.