எஸ்எஸ்டி 'பாஸ்டு' என்று காட்டினால் நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: எங்கள் சர்வர்களில் உள்ள எஸ்எஸ்டி சேமிப்பு டிரைவ்களைத் தினமும் ஸ்மார்ட்சிடிஎல் (டிரைவின் நலத்தைக் காட்டும் கருவி) ஓட்டிப் பார்க்கிறேன். எல்லாமே 'பாஸ்டு' என்றுதான் வருகிறது. இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 'பாஸ்டு' என்றால் டிரைவுக்கு இன்றைக்கு மூச்சு இருக்கிறது, அவ்வளவுதான். எழுத எழுத எஸ்எஸ்டி தேயும்; நான் முதலில் பார்ப்பது அந்தத் தேய்மானம் ஏறும் வேகத்தை. அதற்கு ஸ்மார்ட் எண்களை, அதாவது டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை, தினமும் எங்காவது சேர்த்து வைக்க வேண்டும்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு டேட்டாபேஸ் சர்வர்; 960 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவ் இரண்டு, ஒன்றின் நகலாக மற்றது இருக்கும் ரெய்டு 1 அமைப்பில். ஒன்றரை வருடத்தில், ஆயுளில் எத்தனை சதவீதம் தேய்ந்தது என்று சொல்லும் 'பெர்சன்டேஜ் யூஸ்டு' 11 வரைதான் வந்திருந்தது. அடுத்த இரண்டே மாதத்தில் 22. டிஸ்க் நிரம்பவில்லை, ஒரு அலர்ட்கூட வரவில்லை. இதுவரை எழுதிய மொத்த அளவைச் சொல்லும் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' எண் ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏறியது என்று கழித்துப் பார்த்தேன். ஒரு யூனிட் 5,12,000 பைட்டு; சுமார் 20 லட்சம் யூனிட் ஏறினால் 1 டெராபைட். நாளுக்கு 350 ஜிபி எழுதிக்கொண்டிருந்த இடத்தில் 3 டெராபைட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது! புதிதாகச் சேர்த்த ஒரு ரிப்போர்ட் குவெரிதான் காரணம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும், வரிசைப்படுத்த மெமரி போதாமல் 10 ஜிபி டெம்ப் ஃபைல் எழுதும், முடிந்ததும் அழித்துவிடும். டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று பார்க்கும் அலர்ட்டுக்கு இது எப்படித் தெரியும்? டேட்டாவை முன்பே வரிசையில் வைத்திருக்கும் ஒரு இண்டெக்ஸ் போட்டதும் அடங்கியது.

அதைவிட வயிற்றைக் கலக்கியது, இரண்டு டிரைவிலும் அதே 22 இருந்ததுதான். ரெய்டு 1-ல் ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். ஒன்றாக வாங்கி ஒன்றாகப் போட்டால் ஒன்றாகத்தான் தேயும். அப்புறம் ஒன்றை மட்டும் கழற்றி, தேய்மானம் குறைந்த வேறொரு டிரைவைப் போட்டு, டேட்டாவை அதில் மறுபடி நகலெடுக்கும் ரீபில்டு செய்தேன். இப்போது எந்த ஜோடியையும் ஒரே வயதில் விடுவதில்லை.

ஒரு நாளில் எழுதும் அளவு மாறாமல் பெர்சன்டேஜ் மட்டும் வேகமாக ஏறினால் கதை வேறு. டிரைவ் உள்ளுக்குள் பழைய பிளாக்குகளை நகர்த்தி நகர்த்தி எழுதுகிறது என்று அர்த்தம். டிஸ்க் ஏறக்குறைய நிரம்பியிருக்கலாம், அல்லது எந்த இடங்கள் இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் கட்டளை டிரைவுக்குப் போய்ச் சேரவில்லை. லினக்ஸில் அதை அவ்வப்போது அனுப்பும் எஃப்எஸ்டிரிம் டைமர் ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் ரெய்டு கன்ட்ரோலர் (ரெய்டை நடத்தும் கார்டு) இருந்தால் அது டிரிமை விழுங்கிவிடவும் கூடும். அதே கன்ட்ரோலர் டிரைவையே மறைத்து வைத்திருக்கும். மெகாரெய்டு வகை என்றால் ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு மைனஸ் டி மெகாரெய்டு என்று டிரைவ் எண்ணோடு சொன்னால்தான் உள்ளே இருப்பது தெரியும். சாட்டா (பழைய இணைப்பு வகை) டிரைவ்களில் இன்னொரு தலைவலி: கம்பெனிக்குக் கம்பெனி தேய்மான எண்ணின் பெயர் மாறும், சிலவற்றில் 100-லிருந்து கீழே இறங்கும்.

வாங்கும்போது டிடபிள்யூபிடி பாருங்கள்; முழு டிரைவையும் ஒரு நாளில் எத்தனை முறை எழுதலாம் என்பது அது. 3.84 டெராபைட் டிரைவுக்கு 1 டிடபிள்யூபிடி, 5 வருட வாரண்டி என்றால் மொத்தம் சுமார் 7,000 டெராபைட் எழுதலாம். ஒரு நாளில் எவ்வளவு எழுதுகிறீர்கள் என்று தெரியாமல் அதிக விலை டிரைவை வாங்குவது வீண்.

அலர்ட் விஷயத்தில் என் வழக்கம் இது. 'கிரிட்டிகல் வார்னிங்' பூஜ்யமாக இல்லாவிட்டால் அலர்ட் என்னை இரவானாலும் எழுப்பும். டேட்டா பிழைகளை எண்ணும் 'மீடியா எரர்ஸ்' ஒன்று ஏறினாலும், மிச்சமிருக்கும் உபரி இடத்தைச் சொல்லும் 'அவைலபிள் ஸ்பேர்' 100-லிருந்து இறங்கினாலும் மாற்று டிரைவ் ஆர்டர். பெர்சன்டேஜ் 80 என்றால் திட்டமிட ஆரம்பிப்பேன். அது 100-ஐத் தாண்டியும் ஏறும், தாண்டிய அன்றே டிரைவ் சாகாது. எரர் லாக் எண்ட்ரி ஏறினால் மட்டும் பதற வேண்டாம். டிரைவுக்குப் புரியாத கட்டளை போனாலும் அது ஏறும்.

எந்த எண்ணும் சொல்லாமல் கழுத்தறுப்பது ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள் ஓடும் மென்பொருள். 2019 நவம்பரில் சர்வர் கம்பெனியான எச்பிஇ சில எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) எஸ்எஸ்டிகளுக்கு அவசர அறிவிப்பு விட்டது: பழைய ஃபர்ம்வேரில் 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவும் டேட்டாவும் போய்விடும், மீட்க முடியாது. ஒரே நாளில் இயக்கிய டிரைவ்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடும். அப்போது ரெய்டு என்ன செய்யும்? ஆகவே 'பவர் ஆன் ஹவர்ஸ்', ஃபர்ம்வேர் பதிப்பு இரண்டையும் பட்டியலில் சேருங்கள்.

கழற்றிய பழைய டிரைவை டேட்டாவோடு அலமாரியில் வைத்துவிட்டு பேக்கப் என்று நினைக்காதீர்கள். ஆயுள் முடிந்த என்டர்பிரைஸ் எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற தர அமைப்பின் விதி கேட்பது, மின்சாரம் இல்லாமல் 40 டிகிரியில் 3 மாதம் டேட்டாவைத் தாங்க வேண்டும் என்பது மட்டும்தான்.