தீர்ப்பை எழுதுவது நீதிபதியா, கிளார்க்கா?

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை, நீதிபதிகளுக்கு உதவியாக இருக்கும் இளம் சட்டப் பட்டதாரிகளான லா கிளார்க்குகள்தான் எழுதுகிறார்கள் என்கிறார்களே?

முதல் வரைவைப் பெரும்பாலும் அவர்கள்தான் எழுதுகிறார்கள், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1882-இல் ஹொரஸ் கிரே என்ற நீதிபதி, சட்டம் படித்து முடித்த இளைஞர்களைத் தன் கைக்காசு கொடுத்து வைத்துக்கொண்டதில் தொடங்கிய வழக்கம் இது. ஆனால் வாக்கெடுப்பு நடக்கும் அறையில் நீதிபதிகள் ஒன்பது பேரைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. அங்கே முடிவாகி, எந்த வாதத்தை வைத்துப் போகலாம் என்று நீதிபதி சொன்ன பிறகுதான் கிளார்க் எழுத உட்காருகிறார். ஜான் பால் ஸ்டீவன்ஸ் மாதிரி முதல் வரைவைத் தானே எழுதிய நீதிபதிகளும் உண்டு.

தீர்ப்புகளை வாசிக்கப் பழக எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் வரும் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அது நீதிமன்ற அலுவலர் ஒருவர் வாசகர் வசதிக்காகத் தயாரிப்பது, தீர்ப்பின் பகுதியே அல்ல. நான் கடைசி வரியை முதலில் பார்ப்பேன்: கீழ் நீதிமன்ற முடிவு நின்றதா, ரத்தானதா? அப்புறம் மாறுபட்ட தீர்ப்பு, அதாவது பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதிகள் எழுதுவது. பெரும்பான்மையின் பலவீனம் எங்கே என்று அதுதான் பட்டென்று காட்டிக்கொடுக்கும்.

சில பத்திகள் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கின்றன?

ஐந்து பேர் கையெழுத்து வேண்டுமே! வரைவு மற்ற நீதிபதிகளிடம் சுற்றுக்குப் போகும். ஒருவர் "இந்த வரியை எடுத்தால்தான் சேருவேன்" என்பார், இன்னொருவர் ஒரு அடிக்குறிப்பு கேட்பார். மங்கலாக ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் எழுதத் தெரியாதவர் எழுதியது என்று நினைக்காதீர்கள், அநேகமாக அது பேரத்தில் பிறந்தது.

வரைவு மாறுவதை நேரில் பார்க்க வழி உண்டா?

பொதுவாக இல்லை. ஒரு விதிவிலக்கு, கருக்கலைப்பு உரிமை பற்றிய டாப்ஸ் வழக்கு. அதன் பிப்ரவரி வரைவு 2022 மே மாதம் கசிந்தது, இறுதித் தீர்ப்பு ஜூன் 24 அன்று வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முடிவை ஏற்கிறீர்களா இல்லையா என்பது வேறு விஷயம். மையம் அப்படியே இருக்க, மாறுபட்ட தீர்ப்புக்குப் பதில் சொல்லும் பகுதி புதிதாக முளைத்திருப்பதைக் கவனிக்கலாம்.

நானே எழுதிப் பழக?

முடிந்துபோன ஒரு வழக்கை எடுத்து, தீர்ப்பைத் திறக்காமல் இரு தரப்பு எழுத்து வாதங்களை மட்டும் படித்து, நீதிபதிக்கான குறிப்பாக நான்கு பக்கம் எழுதுங்கள். தோற்கப்போகும் தரப்பின் வாதத்தை அந்தத் தரப்பு வக்கீலே தலையாட்டும்படி எழுத முடிகிறதா என்று பாருங்கள், கஷ்டம் அங்கேதான். எழுதி முடித்த பிறகு தீர்ப்பைத் திறக்கலாம்.