ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, கட்டியைக் கரைக்கும் ஊசி: சில கேள்விகள், பதில்கள்

மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். இந்த மருந்துகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லமாட்டேன், அது உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை.

சார், அம்மாவுக்குக் காலில் ரத்தக் கட்டி. இரண்டு வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கிறது என்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா?

செய்கிறது. அந்த மாத்திரை கட்டியைக் கரைக்காது. இருக்கிற கட்டி வளராமலும் புதிதாக ஒன்று உண்டாகாமலும் தடுக்கும், அவ்வளவுதான். கரைக்கும் வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். பிளாஸ்மினோஜன் என்ற புரதம் எப்போதும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து சுரக்கும் டி.பி.ஏ. என்ற இன்னொரு புரதம் அதைப் பிளாஸ்மினாக மாற்றும். கட்டியை இறுக்கிப் பிடித்திருக்கும் ஃபைப்ரின் இழைகளைப் பிளாஸ்மின் வெட்டிப்போடும். இதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். கொஞ்சம் கரையாமல் ரத்தக் குழாயின் சுவரோடு ஒட்டித் தங்கிவிடுவதும் உண்டு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போவதுதான் நாம் பயப்படும் விஷயம். அதனால்தான் பொதுவாகக் குறைந்தது 3 மாதம் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் கரைக்கும் ஊசியையே போட்டுவிடலாமே? மாரடைப்புக்குப் போடுகிறார்களே?

நல்ல கேள்வி. அந்த ஊசி, உடம்பில் சுரக்கும் அதே டி.பி.ஏ.வை அப்படியே அல்லது சற்று மாற்றி ஆய்வகத்தில் செய்தது. ஆல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். சிக்கல் என்னவென்றால், எது கெட்ட கட்டி, எது காயத்தை அடைத்துக் காப்பாற்றும் கட்டி என்று அதற்குத் தெரியாது. வயிற்றுப் புண்ணில் இருப்பதையும் கரைக்கும், மூளையில் ஒரு சின்னக் குழாயின் கசிவை அடைத்திருப்பதையும் கரைக்கும். பக்கவாதத்துக்கு இந்த ஊசி பலன் தரும் என்று காட்டிய 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்விலேயே, ஊசி போட்டவர்களில் 100க்கு 6 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமானது. அப்படியும் மொத்தத்தில் லாபமே அதிகம் என்பதால் போடுகிறோம். முதலில் சி.டி. எடுத்து, ரத்தக்கசிவால் வந்த பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான்.

நேரம்தான் இங்கே எல்லாம். பக்கவாதத்தில் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள், மாரடைப்பில் 12 மணி நேரத்துக்குள். அதற்குள்ளும் முதல் மணி நேரங்களில் கிடைக்கும் பலன் பின்னால் கிடைக்காது. கட்டி பழசாக ஆக இறுகும், அடைபட்ட திசுவும் செத்துக்கொண்டே போகும். வாய் கோணினால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுக்க வைப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற பழைய ஊசி, பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. 1933இல் வில்லியம் டில்லட் கண்டறிந்தது. விலை குறைவு என்பதால் நம் ஊர்களில் நிறைய மாரடைப்பு நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஒருமுறை போட்டால் உடம்பு அதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிவிடும், அதனால் மறுபடி போடமாட்டார்கள்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். காலில் மட்டும் இருக்கும் கட்டிக்கு இவ்வளவு அபாயம் தேவையில்லை. காலே பறிபோகும் நிலை, நுரையீரலில் பெரிய கட்டி போய் ரத்த அழுத்தம் விழுவது, இப்படிப்பட்ட சமயங்களில்தான் யோசிப்பார்கள்.

இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கிறேன், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரை தொடவே கூடாது என்கிறார் மாமியார்.

தொடலாம். கல்லீரல் ரத்தம் உறைவதற்கான 2, 7, 9, 10 ஆம் எண் காரணிகளைச் செய்துமுடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய வைட்டமினைக் கல்லீரல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும். அந்தப் புதுப்பிப்பைத்தான் அசிட்ரோமும் அதே வகையைச் சேர்ந்த வார்ஃபரினும் தடுக்கின்றன. கீரையில் வைட்டமின் கே நிறைய. இந்த வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்ணான ஐ.என்.ஆர். தாறுமாறாக ஆடும். ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள், அதற்கேற்ப டாக்டர் மாத்திரையைச் சரிசெய்வார்.

ஏற்கெனவே செய்துவைத்த காரணிகள் தீர வேண்டும் என்பதால் இந்த மாத்திரைகள் முழுதாகப் பிடிக்கச் சில நாட்கள் ஆகும். ஆரம்பத்தில் உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போடுவது அதற்குத்தான். இன்னொன்று: 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்ததைத் துருவிப் போய்த்தான் இந்த மருந்துக் குடும்பமே கிடைத்தது. வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள்.

புது மாத்திரைகளுக்கு ரத்தப் பரிசோதனையே வேண்டாமாமே, மாறிக்கொள்ளலாமா?

உலோக வால்வு என்றால் கூடாது. புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை அப்படிச் சோதித்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டியும் அதிகம், ரத்தப்போக்கும் அதிகம். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் பழைய மாத்திரையே மேல் என்று 2022இல் வந்த ஆய்வு காட்டியது. மற்றபடி காலில் கட்டி, வால்வுக் கோளாறு இல்லாத இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றுக்கு ரிவராக்ஸபான், அபிக்ஸபான் எல்லாம் நல்ல மருந்துகள். ஒரே நாளில் வேகம் இறங்கிவிடும் மருந்துகள் இவை, வேளை தவறக்கூடாது.

தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறேன். அதுவும் இதே வேலைதானே?

இல்லை. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களில் உள்ள ஒரு நொதியை முடக்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, முடங்கிய நொதியைத் திரும்பச் செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை அப்படியே கிடக்கும். தமனியில் வரும் அடைப்புக்கு இது உதவும். இதயத் துடிப்புக் கோளாறில் அசிட்ரோமுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள முடியாது.

அசிட்ரோம் சாப்பிடும்போது மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கலாமா? பல் பிடுங்க வேண்டுமே?

டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாரசிட்டமால் அளவோடு. பல்லுக்கு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், பெரும்பாலும் நிறுத்தாமலே பிடுங்கிவிடுவார்கள்.

வயதான அப்பா, வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீழே விழுந்து தலையில் அடிபட்டால்?

நன்றாகத்தான் பேசுகிறார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. மண்டைக்குள் கசிவு மெதுவாக, மணிக்கணக்கில் கழித்துக்கூடத் தெரியவரும். வார்ஃபரினுக்கு வைட்டமின் கே ஊசியும் உறைகாரணிகளும், ஹெப்பாரினுக்கு புரோட்டமின், டாபிகாட்ரானுக்கு தனி மாற்று மருந்து என்று இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பது அவர் எதைச் சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தது. அதனால் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் சொல்லுங்கள்.